உப்புக்காற்று, சாரல், ஆரல்வாய்மொழி... குமரி மாவட்டத்தில் ஒரு கேமிங் கேபினட் தாக்குப்பிடிக்குமா?

முட்டம் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே, பாறையில் அலை மோதிச் சிதறும் காட்சியைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். 1981-ல் 'அலைகள் ஓய்வதில்லை' படம் வந்ததிலிருந்தே இந்தக் கூட்டம் குறையவில்லை. செல்ஃபி எடுத்து முடித்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் துணியில் பிசுபிசுவென ஒட்டும். விரலை நாக்கில் வைத்தால் கரிக்கும். சுற்றுலா வந்தவர்களுக்கு அது ஒரு நாள் அனுபவம். ஊர்க்காரர்களுக்கு அது வருடம் முழுக்க வீட்டுக்குள் வந்து போகும் விருந்தாளி.

அந்த விருந்தாளி தொட்ட இடங்களைத் தெருவில் நடந்தாலே பார்க்கலாம். ஜன்னல் கம்பி, கேட்டின் கீல், மீட்டர் பாக்ஸ், பைக்கின் சைலன்ஸர் என எல்லாவற்றிலும் செம்பழுப்பு நிறம். கடற்கரை வீடுகளில் இரும்புச் சாமான் வாங்குகிறவர்கள் பெயின்ட் டப்பாவையும் சேர்த்தே வாங்குவார்கள்.

இப்படி ஒரு வீட்டுக்குள்தான் இப்போது கேமிங் கம்ப்யூட்டர் வருகிறது. அப்பா வளைகுடாவிலோ ஆழ்கடலிலோ இருப்பார். பிள்ளை கல்லூரியில் சேர்ந்திருப்பான், அல்லது சேர்ந்திருப்பாள். 'படிப்புக்கும் ஆகும், வீடியோ எடிட்டிங்குக்கும் ஆகும்' என்று சொல்லித்தான் அனுமதி வாங்கப்படும். கேமிங் என்ற சொல் பில் போட்ட பிறகுதான் வெளியே வரும். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழகத்திலேயே முதலிடம் பிடித்த மாவட்டம் இது. இங்கே படிப்பு என்று சொல்லிவிட்டால் பெரும்பாலும் பணம் பெயர்ந்துவிடும்.

பிராசஸருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் மாதக்கணக்கில் யோசிப்பவர்கள், இவை எல்லாவற்றையும் சுமக்கும் கேபினட்டுக்குக் கடையில் ஐந்து நிமிடம்தான் ஒதுக்குகிறார்கள். 'வெறும் தகரப் பெட்டிதானே, லைட் நல்லா எரியுதா?' என்பதோடு முடிந்துவிடும். மதுரையிலோ சேலத்திலோ அது பெரிய தவறில்லை. குமரி மாவட்டத்தில் அது சில சமயம் மதர்போர்டு விலை பிடித்துவிடும்.

75 என்ற எண்

மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி கசகசவென்று நீர் விடுவதை எல்லா வீட்டிலும் பார்த்திருப்பார்கள். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டு கரைய ஆரம்பிக்கும். அதற்குக் கீழே இருக்கும்வரை அது வெறும் தூசு. தாண்டிவிட்டால் உப்புக் கரைசல். இரும்பை அரிப்பதும், மின்சாரத்தைக் கடத்துவதும் அந்தக் கரைசல்தான்.

கடற்கரை ஊர்களில் விடியற்காலை ஈரப்பதம் இந்த எல்லையைத் தாண்டுவது சாதாரணம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை என இரண்டும் நனைக்கும் மாவட்டம் வேறு. ஆகவே, கேபினட்டுக்குள் படிந்த உப்புத்தூசு வருடத்தில் பல மாதங்கள் இரவில் நனைந்து, பகலில் காய்ந்துகொண்டே இருக்கும்.

ஓடும் கம்ப்யூட்டரைவிட ஓடாமல் கிடக்கும் கம்ப்யூட்டருக்குத்தான் இதில் ஆபத்து அதிகம். ஓடும்போது உள்ளே சூடு ஏறுவதால் ஈரப்பதம் குறையும். பிள்ளை ஹாஸ்டலுக்குப் போன பிறகு மூன்று மாதம் துணி போட்டு மூடி வைத்திருக்கும் கம்ப்யூட்டரை, பொங்கலுக்கு வந்து ஆன் செய்யும்போது 'டிஸ்ப்ளே வரல' என்று நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

துரு முதலில் எங்கே பிடிக்கும்? பெயின்ட் அடித்த பெரிய பரப்புகளில் இல்லை. கேபினட்டுகளுக்குப் பரவலாகப் பயன்படுவது துத்தநாகப் பூச்சுள்ள எஃகுத் தகடு. ஆனால், தகட்டை வெட்டிய விளிம்பிலும், திருகு போட்ட ஓட்டையிலும், ஸ்க்ரூ டிரைவர் வழுக்கிக் கீறிய இடத்திலும் பூச்சு இருக்காது. பின்பக்கம் கிராஃபிக்ஸ் கார்டு செருகும் ஸ்லாட் பட்டைகள், அவற்றின் திருகுகள், யு.எஸ்.பி. துளைகளின் உள்தகடு ஆகியவைதான் முதல் பலி. கேபினட்டின் விலை உயர உயர இந்த விளிம்புகள் மடிக்கப்பட்டும் பெயின்டுக்குள் மூழ்கியும் இருக்கும். மலிவுப் பெட்டியில் பளபளவெனக் கத்தி முனைபோல நிற்கும். கடையில் பக்கவாட்டுக் கதவைக் கழற்றச் சொல்லி உள்ளே விரலால் தடவிப் பார்த்தாலே தெரிந்துவிடும். விரல் பத்திரம்!

டேப் எடுத்துக்கொண்டு கடைக்குப் போகலாம்

முட்டத்திலிருந்து நாகர்கோவிலுக்கு பஸ் ஏறினால் தென்னந்தோப்பும் குளமும் வாழைத்தோட்டமுமாக ஊர் மாறிக்கொண்டே வரும். கடல் மறைந்துவிடும். நகரத்தின் கம்ப்யூட்டர் கடைகளில் கேபினட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கண்ணாடி வழியே வண்ண விளக்கு எரிய வைத்திருப்பார்கள்.

"இதுல என்னா மக்கா இருக்கு, இவ்வளவு ரூவா?" என்று கேட்காத அப்பா அபூர்வம். "அப்பா, ஏர்ஃப்ளோ..." என்று பிள்ளை ஆரம்பிக்கும்போதே அவர் ஃபேனை விட்டுவிட்டு விலைச் சீட்டைப் பார்ப்பார்.

மிட் டவர் என்பது நடுத்தர உயரப் பெட்டி, கிட்டத்தட்ட ஒன்றரை அடி. 1995-ல் இன்டெல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். அளவு மதர்போர்டு, அதாவது 305-க்கு 244 மில்லிமீட்டர், இதற்குள் முழுதாக உட்காரும். அதைவிடச் சிறிய மைக்ரோ ஏ.டி.எக்ஸ். போர்டும் உட்காரும். ஃபுல் டவர் வீட்டுக்குள் பீரோபோல நிற்கும். மினி பெட்டியில் கை நுழையாது. அதனால்தான் பெரும்பாலான கேமிங் பில்டுகள் நடுவில் இருக்கும் இதற்கு வந்துவிடுகின்றன.

எதைப் பார்த்து வாங்குவது என்பதற்கு ஒரு மாதிரியைக் கையில் எடுத்தால் எளிதாகப் புரியும். 2020-ல் வந்து, இந்த வகையில் பலரும் அளவுகோலாகச் சொல்லும் கோர்சேர் 4000டி ஏர்ஃப்ளோவை எடுத்துக்கொள்ளலாம். நீளம் 453, அகலம் 230, உயரம் 466 மில்லிமீட்டர். எடை எட்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. 360 மில்லிமீட்டர் வரை நீளமான கிராஃபிக்ஸ் கார்டு, 170 மில்லிமீட்டர் வரை உயரமான பிராசஸர் கூலர் இரண்டும் உள்ளே போகும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு 120 மில்லிமீட்டர் ஃபேன் கூடவே வரும்.

இந்த எண்களை அப்படியே நம்பினால் ஓரிடத்தில் இடறும். முன்பக்கம் தண்ணீர்க் குளிர்விப்பானின் ரேடியேட்டரை மாட்டினால் அதன் தடிமன் சுமார் 27 முதல் 30, ஃபேன் 25, ஆக 55 மில்லிமீட்டர் போய்விடும். 360-ல் மீதி 305. இன்றைய பெரிய கார்டுகள் சில 330-ஐத் தாண்டுகின்றன. 'போகும்னு போட்டிருந்துச்சே' என்று அசெம்பிள் செய்யும் மேஜையில் நின்று புலம்புவதைவிட, வாங்கப்போகும் கார்டின் நீளத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போவது நல்லது.

இதே 4000டி-யில் ஏர்ஃப்ளோ என்ற சொல் இல்லாத இன்னொரு வகையும் வந்தது. அதில் முன்பக்கம் ஓட்டையே இல்லாத தட்டையான எஃகு. பார்க்க அதுதான் அழகு. காற்று, ஓரத்து இடுக்கு வழியாக மட்டும்தான் உள்ளே வரும். ஏர்ஃப்ளோ வகையில் முன்முகம் முழுக்க முக்கோணத் துளைகள், அதற்குப் பின்னால் கழற்றிக் கழுவக்கூடிய ஃபில்டர், மேலே காந்தத்தில் ஒட்டும் ஃபில்டர், கீழே எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு இழுப்பறைபோல உருவும் ஃபில்டர். ஒரே எலும்புக்கூட்டுக்கு இரண்டு முகங்கள். வாங்குகிறவர் எந்த முகத்தைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதில்தான் கார்டின் சூடு தீர்மானமாகிறது.

இந்த ஒரு மாடலைத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜெப்ரானிக்ஸ் உட்படப் பல நிறுவனங்கள் குறைந்த விலையில் மெஷ் முகம் வைத்த கேபினட்டுகளை விற்கின்றன. பார்க்க வேண்டியவை அதே விஷயங்கள்தான். முன்முகம் மூச்சு விடுகிறதா, ஃபில்டர் கழன்று வருகிறதா, பக்கத் தகட்டை நடுவில் அழுத்தினால் தகர டின்போல உள்ளே போகிறதா, பின்பக்க ஸ்லாட் மூடிகள் திருகு போட்டவையா என்று பார்த்தால் போதும். மூடி விஷயம் அற்பமாகத் தோன்றும். மலிவுப் பெட்டிகளில் அதை ஒருமுறை உடைத்து எடுத்துவிட்டால் திரும்ப மாட்ட முடியாது. அந்த ஓட்டை யாருக்கு வாசல் ஆகிறது என்பதைக் குலசேகரம் பக்கம் போகும்போது பார்ப்போம்.

ஆர்.ஜி.பி. விளக்கு? பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளலாம். நான்கு ஃபேனும் வானவில்லாய் எரிந்து, முன்னால் முழுக் கண்ணாடி அடைத்திருக்கும் பெட்டிதான் பிரச்னை. அது மூக்கைப் பொத்திக்கொண்டு பாடுகிற மாதிரி.

வாங்கி முடித்துக் கொண்டுபோகும்போது ஒரு எச்சரிக்கை. பக்கவாட்டு டெம்பர்டு கண்ணாடி முகத்தில் அடித்தால்கூடத் தாங்கும், மூலையில் சின்னதாகத் தட்டினால் நொறுங்கிவிடும். அதைக் கழற்றி டைல்ஸ் தரையில் நிறுத்தி வைப்பதுதான் வழக்கமாக நடக்கும் விபத்து. டைல்ஸ் கண்ணாடியைவிடக் கடினமானது. பாயோ மெத்தையோ விரித்து அதன்மேல் படுக்க வைத்தால் நல்லது.

அரண்மனை சொல்லும் ஏர்ஃப்ளோ

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சாலையில் போனால் தக்கலை. அங்கிருந்து சற்றே உள்ளே பத்மநாபபுரம் அரண்மனை. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகர் இதுதான். 1956 நவம்பர் 1-ல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த பிறகும், அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. கேபினட் கட்டுரையில் அரண்மனைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். மாடியில் இருக்கும் மந்திரசாலையில் ஐந்து நிமிடம் நின்றால் பதில் கிடைக்கும்.

வெளியே வெயில் கொளுத்தும்போதும் உள்ளே குளுகுளுவென்று இருக்கும். சுவரே மரச்சட்டங்களால் ஆன சல்லடை. சட்டங்கள் சாய்ந்திருப்பதால் காற்று நுழையும், மழை நுழையாது, வெளிச்சம் பாதிதான் நுழையும். ஜன்னல்களில் வண்ண மைக்கா தகடுகள். தாழ்ந்து இறங்கும் ஓட்டுக் கூரை சூட்டை மேலே வாங்கிக்கொண்டு, முகப்பு இடுக்கு வழியே வெளியே தள்ளிவிடும். கரன்ட் இல்லாத காலத்துத் தச்சர்கள், காற்று எங்கே வர வேண்டும், எங்கே போக வேண்டும் என்று இரண்டையும் முடிவு செய்துவிட்டுத்தான் உளி எடுத்திருக்கிறார்கள்.

கேபினட்டுக்கும் அதே இரண்டு கேள்விகள்தான். குளிர்ந்த காற்று முன்னால் வர வேண்டும், சூடான காற்று பின்னாலும் மேலேயும் போக வேண்டும். உள்ளே தள்ளும் ஃபேன்கள் வெளியே இழுப்பவற்றைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தால், பெட்டிக்குள் காற்றழுத்தம் சற்றே கூடும். அப்போது இண்டு இடுக்கு எல்லாவற்றிலும் காற்று வெளியேதான் போகும். தூசு உள்ளே வர ஃபில்டர் இருக்கும் வாசல் ஒன்றே வழி. மாறாக, வெளியே இழுக்கும் ஃபேன்கள் அதிகமானால் ஃபில்டர் இல்லாத ஒவ்வொரு இடுக்கும் மூக்காகிவிடும். ஆகவே, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று வரும் பெட்டியில் முன்னால் இன்னொரு ஃபேன் சேர்ப்பதுதான் உருப்படியான முதல் செலவு.

சரியாக இருக்கிறதா என்று சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஓர் ஊதுபத்தி போதும். கம்ப்யூட்டர் ஓடும்போது பின்பக்க ஸ்லாட் இடுக்குகளுக்குச் சற்றுத் தள்ளிப் பிடித்தால், புகை விலகி ஓட வேண்டும். உள்ளே இழுபட்டால் ஃபேன் கணக்கு தப்பு. ஃபேனை எந்தத் திசையில் மாட்டுவது என்று குழம்புகிறவர்களுக்கு: நடு மோட்டாரைத் தாங்கும் குறுக்குச் சட்டம் எந்தப் பக்கம் தெரிகிறதோ, அந்தப் பக்கம்தான் காற்று வெளியேறும்.

ரப்பர் தோட்டத்துப் பல்லி

தக்கலையைத் தாண்டிக் குலசேகரம் பக்கம் போனால் காற்றின் வாசனையே மாறிவிடும். உப்பு இல்லை. ரப்பர் மரங்களின் நிழல், பேச்சிப்பாறை, திற்பரப்பு என்று எங்கு பார்த்தாலும் தண்ணீர், காலை வெகுநேரம் வரை ஈரம். பெல்ட், செருப்பு, மர அலமாரி எல்லாம் பூஞ்சணம் பிடிக்கும் ஊர்.

இங்கே கேபினட்டின் எதிரிக்குக் கால் உண்டு. கதகதப்பான இடம் தேடும் பல்லிக்கும் கரப்பானுக்கும் எறும்புக்கும், உடைத்துவிட்டு மூடாமல் விட்ட ஸ்லாட் ஓட்டைபோல வசதியான வாசல் வேறில்லை. எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் போய்க் கருகிய பல்லியை எடுத்த கதை இல்லாத கம்ப்யூட்டர் மெக்கானிக் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. திருகு போட்ட மூடியும் பொடித்துளை மெஷ்ஷும் பல்லியை நிறுத்திவிடும். எறும்பை நிறுத்தாது. அதற்கு, கீபோர்டு பக்கத்தில் முறுக்குத் தட்டு வைக்காமல் இருப்பது ஒன்றே வழி.

இன்னொன்று இடி. மலையை ஒட்டிய ஊர்களில் மாலை நேரத்து இடிமழை பழக்கமானது. கேபினட் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் இடிக்கு அது கவசம் இல்லை. பிளக்கைப் பிடுங்குவதுதான் பாதுகாப்பு, நெட் கேபிளையும் சேர்த்து. கேபினட்டின் தகட்டைத் தொட்டால் கையில் சுருக்கென்று அடித்தால், 'பெட்டி சரியில்லை' என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன் வீட்டு எர்த்தைப் பார்க்க வேண்டும். பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் பாயின்ட் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒயரே இருக்காது!

நாஞ்சில் நாட்டுப் பழைய வீடுகளில் நெல் கொட்டி வைக்கும் மரப்பத்தாயத்தைத் தரையில் அப்படியே வைக்க மாட்டார்கள். கீழே கால் இருக்கும், காற்றோட வேண்டும் என்பதற்காக. கேபினட்டுக்கும் அது பொருந்தும். இன்றைய மிட் டவர்களில் எஸ்.எம்.பி.எஸ். அடிப்பாகத்தில் இருக்கிறது. வெள்ளம் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தால் முதலில் நனைவது அதுதான். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் வந்துபோன வீடுகளில், தரையில் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு முக்காலியோ கடப்பைக்கல் திட்டோ போதும்.

காற்றே தொழிலான ஊர்

மாவட்டத்தின் கிழக்கு வாசல் ஆரல்வாய்மொழி. தோவாளைப் பூச்சந்தையைத் தாண்டியதும், இரு மலைகளுக்கு நடுவே இருக்கும் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று சீறிக்கொண்டு வரும். அடுத்துள்ள முப்பந்தலில் வரிசையாக நிற்கும் காற்றாலைகள் இந்தியாவின் மிகப் பெரிய காற்றாலைத் தொகுப்புகளில் ஒன்று. ஆனி, ஆடியில் கொடியில் காயப்போட்ட வேட்டி பக்கத்து வீட்டில்தான் கிடைக்கும்.

இங்கே கேபினட்டுக்குத் துருவைவிடத் தூசுதான் தொல்லை. காற்றோடு வரும் மண், ஜன்னலைப் பூட்டினாலும் இடுக்கில் புகுந்து மேஜைமேல் கோடு போடும். முன்முக ஃபில்டர் இருந்தும் அதை மாதக்கணக்கில் கழுவாவிட்டால் மெஷ் முகம் வாங்கியதே வீண். தூசு அடைத்த மெஷ்ஷும் ஓட்டையில்லாத தகடும் ஒன்றுதான். ஆகவே, ஃபில்டர் எத்தனை என்பதைவிட, அதைக் கழற்ற எவ்வளவு நேரம் ஆகிறது என்பதே இந்த ஊருக்கு முக்கியம். நான்கு திருகைக் கழற்றினால்தான் ஃபில்டர் வரும் என்றால் எந்தப் பிள்ளையும் கழற்றாது. இழுத்தால் வர வேண்டும். குழாயில் காட்டிக் கழுவி, நிழலில் நன்றாக உலர்த்தி மாட்ட வேண்டும். கடல்பக்கம் ஈத்தாமொழி வட்டாரத்தில் தும்பு ஆலைகளுக்கு அருகில் இருக்கும் வீடுகளுக்கும் இது பொருந்தும். தென்னந்தும்புத் தூள் ஃபில்டரில் கம்பளிபோல ஒட்டிக்கொள்ளும்.

மறுபடியும் கடலோரம்

மலையும் கணவாயும் சமாளிக்கக் கூடியவை. உண்மையான சிக்கல் முட்டம், குளச்சல், மணவாளக்குறிச்சி, தேங்காய்ப்பட்டணம் என நீளும் கடற்கரையில்தான். கார்டு கேட்பது திறந்த பெட்டி. உப்புக்குப் பயந்தால் கேட்கத் தோன்றுவது மூடிய பெட்டி. இரண்டும் எப்படிச் சேரும்?

ஒரு சின்னக் கணக்கு. நல்ல 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று முழு வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 50 கன அடி காற்றைத் தள்ளும். பத்துக்குப் பத்து அறை, உயரமும் பத்தடி என்றால் மொத்தம் 1,000 கன அடி. ஃபில்டர் தடையைக் கழிக்காமல் பார்த்தால், ஒரே ஃபேன் இருபது நிமிடத்தில் ஓர் அறையளவு காற்றைப் பெட்டி வழியே அனுப்பிவிடுகிறது. மூன்று ஃபேன் என்றால் ஏழு நிமிடம். அந்த அறைக் காற்று ஜன்னல் வழியாக நேரே கடலிலிருந்து வருகிறது என்றால், கேமிங் கம்ப்யூட்டர் மணிக்கணக்கில் கடலைச் சுவாசிக்கிறது. ஃபில்டர் முடியையும் தும்பையும் பிடிக்கும். நுண்ணிய உப்புத் துகளை முழுதாகப் பிடிக்காது.

மூடிய பெட்டி இதற்குத் தீர்வில்லை. சூடு ஏற ஏற ஃபேன்கள் வேகமெடுக்கும், இடுக்கு வழியே அதே காற்று வரும், ஃபில்டர் இல்லாமலே வரும். ஆகவே, கடலோரத்திலும் மெஷ் முகம்தான் சரி. மாற்ற வேண்டியது அறையையும் சூட்டையும். கடலைப் பார்த்த ஜன்னல் உள்ள முன்னறையில் வைக்காமல், பின்னறையில், கிராஃபிக்ஸ் கார்டின் மின் அளவைக் கொஞ்சம் குறைத்து, ஃபிரேம் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு போட்டு, ஃபேனை மெதுவாக ஓடவிட்டால் பாதி வேலை முடிந்தது. சூடு குறைந்தால் தேவைப்படும் காற்று குறையும், காற்று குறைந்தால் உள்ளே வரும் உப்பும் குறையும். கேமில் அந்த வித்தியாசம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. கடலோர வீட்டுக்குக் கார்டு வாங்கும்போதே, மின்சாரம் அதிகம் இழுக்காத ரகத்தைப் பார்ப்பது இன்னும் நல்லது.

வெளியூர் போகும்போது துணி மட்டும் போட்டு மூடிவிட்டுப் போகக் கூடாது. உள்ளே இருக்கும் ஈரம் அங்கேயே தங்கிவிடும். வாரம் ஒரு தடவை அம்மாவோ தங்கையோ அரை மணி நேரம் ஆன் செய்து வைத்தால் பெட்டி உள்ளுக்குள் உலரும். நீண்ட நாள் பூட்டிய வீடு என்றால், கார்டையும் ராமையும் கழற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில் வைப்பது மேல். கீறல் விழுந்த இடத்தில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்தால் துரு தள்ளிப்போகும். நிறம் பொருந்தவில்லையே என்று பார்க்க வேண்டாம்!

வெள்ளை கேபினட்டா, கறுப்பு கேபினட்டா என்று கேட்கிறவர்கள் உண்டு. துரு சீக்கிரம் கண்ணில் படுவதற்கு வெள்ளைதான் நல்லது. வெள்ளைப் பெயின்டுக்கு வெண்மை தருவது டைட்டானியம் டை ஆக்ஸைடு. அதற்கான மூலக் கனிமங்களில் ஒன்றான இல்மனைட், மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுப்பு மணலில்தான் இருக்கிறது. மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். ஆலை அதைப் பிரித்தெடுக்கிறது. கேபினட் எங்கிருந்து வந்தாலும், அதன் வெண்மைக்கு உறவுக்காரர் இந்தக் கரையில் உண்டு.

கடைசியாக ஒரு விஷயம். கோடையில் கடற்காற்று முற்பகலில் தொடங்கி மாலை வரை கரையை நோக்கி வீசும். இரவில் தரை குளிர்ந்ததும் திசை மாறி, காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். தென்மேற்குப் பருவ மாதங்களில் இந்தக் கணக்கு செல்லாது, அப்போது நாள் முழுக்கக் கடலிலிருந்துதான் வீசும். மற்ற நாள்களில், உப்புக் கணக்குப்படி பார்த்தால், கடலோர வீட்டில் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு கேம் ஆடச் சிறந்த நேரம் ராத்திரி பதினொரு மணிக்கு மேல்.

இதை எந்த அம்மாவிடம் போய்ச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.